துடைப்பக் குச்சி அளவு

சந்தேகம் என் கூடவே பிறந்தது. மளிகைக் கடைக்குப் போனால் தராசு முள்ளைப் பார்ப்பேனே தவிர கடைக்காரர் முகத்தைப் பார்க்க மாட்டேன். பால் ஊற்றினால் நுரை அடங்கும் வரை சொம்பை நகர்த்த விட மாட்டேன். "உன்ன ஆபீஸ்ல போட்டிருக்கக் கூடாது, போலீஸ்ல போட்டிருக்கணும்" என்பார் என் கணவர். அதை நான் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டேன். என்னை எவனும் ஏமாற்றிவிட முடியாது என்று நாலு பேர் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் எனக்கு.

தொண்ணூறுகளின் நடுவில் வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் எனக்கு எழுத்தர் வேலை. வீடு கீழ்பென்னாத்தூரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில். எங்கள் ஊருக்கு நாளைக்கு இரண்டு நடைதான் பஸ். இரண்டும் ஆபீஸ் நேரத்துக்கு உதவாது. அதனால் மொபெட்டில் கீழ்பென்னாத்தூர் வரை வந்து, சைக்கிள் ஸ்டாண்டில் வண்டியைப் போட்டுவிட்டு, திருவண்ணாமலை பஸ் ஏறி, அங்கிருந்து டவுன் பஸ்ஸில் வேங்கிக்கால் போவேன். வண்டியிலேயே நேராகப் போனால் என்ன என்று கேட்பவர்கள் அந்த ரோட்டில் லாரிக்கும் பஸ்ஸுக்கும் நடுவே மொபெட் ஓட்டிப் பார்த்ததில்லை. பௌர்ணமி கிரிவலம் வந்தால் டவுனுக்குள் வண்டியை விடவும் மாட்டார்கள். நம் வண்டி ஊருக்கு வெளியே பத்திரமாக இருந்தால் போதும் என்பதுதான் ஏற்பாடு. பத்திரமாக இருக்கிறதா என்பதுதான் என் கவலை.

ஸ்டாண்ட் என்றால் மேலே தகரம், கீழே மண் தரை, சுற்றிலும் முள்வேலி. பார்த்துக்கொண்டவருக்கு ஐம்பது வயது இருக்கும். கிணறு வெட்டும்போது கல் விழுந்து ஒரு கால் போனமாதிரிதான். சாய்த்துச் சாய்த்து நடப்பார். கழனி வேலைக்கு இனி ஆகாது. ஸ்டாண்டைக் குத்தகை எடுத்தவரிடம் தினக்கூலிக்கு இருந்தார். அவருடைய ஒரே பெண் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். வண்டி விடுகிற எல்லோரிடமும் அதைச் சொல்லிவிடுவார். "இந்த ஒரு வருசம் தள்ளிட்டா போதும்மா. அப்புறம் டீச்சர் ட்ரெயினிங் சேத்துடுவேன்."

வாசலிலேயே என்னிடமிருந்து வண்டியை வாங்கி உள்ளே தள்ளிக்கொண்டு போவார். சாயங்காலம் நான் பஸ்ஸை விட்டு இறங்கினால் வண்டியை வெளியே கொண்டுவந்து, பெடலை மிதித்து ஸ்டார்ட் செய்து, என் கையில் கொடுப்பார். எல்லோரிடமும் ஹேண்டில் லாக் போடாதீர்கள் என்று கெஞ்சுவார். இடம் நெருக்கடி, நகர்த்த வேண்டுமே. நான் அதற்கும் அவரை ஒரு பார்வை பார்ப்பேன்.

ஒருநாள் சொன்னார்: "உங்க வண்டில பெட்ரோல் வாடை ஜாஸ்தியா அடிக்குதும்மா. மெக்கானிக்கிட்ட ஒரு தபா காட்டுங்க."

வாடை எனக்கும் லேசாக அடித்தது. ஆனால் என் புத்தி எங்கே போயிற்று பாருங்கள். அடடே, இவன் பெட்ரோலை உறிஞ்சப் போகிறான், அதற்கு முன்கூட்டியே காரணம் சொல்லி வைக்கிறான் என்று முடிவு கட்டினேன். மறுநாள் முதல் கைப்பையில் ஒரு துடைப்பக் குச்சி. காலையில் ஸ்டாண்டுக்கு நூறடி முன்னாலேயே வண்டியை நிறுத்தி, டேங்க் மூடியைத் திறந்து குச்சியை விட்டு, நனைந்த இடத்தில் நகத்தால் கீறுவேன். சாயங்காலம் ஸ்டாண்டைத் தாண்டியதும் அதே சோதனை. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும்.

மற்ற நாளில் கீறல் அப்படியே இருந்தது. கீழ்பென்னாத்தூர் வாரச் சந்தை நாளில் மட்டும் அரை விரற்கடை கம்மி. மூன்று சந்தையும் அதே கதை. கூட்ட நாளில் எவனும் கவனிக்க மாட்டான் என்று கை வைக்கிறான், வேறென்ன?

அந்தச் சமயத்தில்தான் அவர், "ட்ரெயினிங் அப்ளிகேசன் எப்ப குடுப்பாங்க, இன்னா மார்க்கு வேணும்னு உங்க ஆபீஸ்ல கேட்டுச் சொல்றீங்களாம்மா?" என்று கேட்டார். சரி என்று தலையாட்டினேன். ஐஸ் வைக்கிறான் என்று நினைத்தேன். ஆபீஸில் யாரிடமும் கேட்கவே இல்லை.

நாலாவது சந்தை நாளில் அரை நாள் லீவு போட்டுவிட்டு மதியமே வந்து இறங்கினேன். பிடிக்க வேண்டும் என்றே வந்தேன், பொய் சொல்வானேன். ஸ்டாண்டில் சைக்கிளும் வண்டியுமாக நிற்க இடமில்லை. நடுவில் என் மொபெட் பக்கத்தில் அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு கை டேங்குக்கு அடியில்.

"இன்னா பண்றீங்க?" என்று கத்தினேன்.

திடுக்கிட்டு எழுந்தார். "ஒண்ணுமில்லம்மா, இந்த டேப்பு..."

பேச விட்டால்தானே. குச்சியை எடுத்துக் கூட்டத்துக்கு நடுவே ஆட்டினேன். எதிர் டீக்கடையிலிருந்து குத்தகைக்காரர் ஓடி வந்தார். ஒவ்வொரு சந்தைக்கும் எவ்வளவு குறைந்தது என்று கீறலைக் காட்டிக் காட்டிச் சொன்னேன். சந்தைக்கு வந்தவர்கள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"நான் எடுக்கலம்மா. என் பொண்ணு மேல சத்தியமா எடுக்கல."

"திருடறதுக்குப் பொண்ண ஏன் இழுக்கறீங்க?" என்றேன் நான். இதைச் சொன்னவள் நான்தான்.

கவர்மெண்ட் ஆபீஸ் அம்மாவோடு எதற்கு வம்பு என்று குத்தகைக்காரர் நினைத்திருப்பார். "நாளைலேர்ந்து நீ வராத" என்று அங்கேயே சொல்லிவிட்டார். அன்றைக்கு வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன். கணவர் சாப்பாட்டிலிருந்து தலை தூக்காமல், "அரை விரக்கடைக்கா இவ்ளோ?" என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது.

புது ஆள் வண்டியை வாங்கிப் போட்டதோடு சரி. பீடி பிடிக்கப் போய்விடுவார். முதல் நாளே ஒரு விரற்கடை குறைந்தது. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் இன்னும் ஜாஸ்தி. இவனும் திருடன், கீழ்பென்னாத்தூரே திருட்டு ஊர் என்று திட்டிக்கொண்டு கிளம்பினேன். ஊருக்குப் போகும் வழியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லை நடுவே வண்டி நின்றுவிட்டது. டேங்க் காய்ந்து கிடந்தது. மெக்கானிக் கடை வரை திரும்பத் தள்ளிக்கொண்டு வந்தேன்.

மெக்கானிக் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். "கார்ப்பரேட்டர் ஒழுவுதும்மா. டேப்பும் தொறந்தே கீது. வண்டிய நிறுத்தனா டேப்ப மூட மாட்டீங்களா?"

"எந்த டேப்பு?"

டேங்குக்கு அடியில் கை விட்டு பெட்ரோலை நிறுத்தும் ஒரு சின்னத் திருகைக் காட்டினார். அன்றைக்கு ஸ்டாண்டுக்காரர் கை வைத்திருந்ததும் அதே இடம்தான். களத்துமேட்டில் வண்டி பழக்கியபோது கணவர் எனக்கு ஆக்ஸிலேட்டர், பிரேக், சுவிட்ச் மூன்றும்தான் சொல்லித் தந்தார். வீட்டில் கேட்டேன். "ராத்திரி நான் மூடிடுவேன், காலைல நானே தொறந்து ஸ்டார்ட் பண்ணிக் குடுக்கறேன். பகல்ல நீ மூடறேன்னுல்ல நெனச்சேன்" என்றார்.

பகலில் மூடிக்கொண்டிருந்தது ஸ்டாண்டுக்காரர். சாயங்காலம் திறந்து ஸ்டார்ட் செய்து கொடுத்ததும் அவர். சந்தை நாளில் கூட்டத்தைத் தள்ளி என் வண்டிப் பக்கம் வர மதியம் ஆகியிருக்கிறது. அதற்குள் ஒழுகியதுதான் அந்த அரை விரற்கடை; மண் குடித்துவிட்டது. ஐயோ என்று இருந்தது.

குத்தகைக்காரரிடம் போய், தப்பு என் மேல், அவரைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்றேன். "நீங்கதானம்மா ஊரக் கூட்டனீங்க?" என்றார் அவர். பழைய ஆள் குடியிருக்கும் தெருவை மட்டும் சொன்னார். ஆபீஸில் அப்ளிகேஷன் விவரமெல்லாம் விசாரித்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை போனேன். காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று இருந்தேன்.

வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு வாசலில் ஒரு பெண் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

"அவங்க பெங்களூரு பூட்டாங்களே. பில்டிங் வேலைக்கு. அவருக்குத்தான் கால் ஆவாது. அந்தப் பொண்ணும் அவங்க அம்மாவும் சித்தாளு வேல."

"பரீட்சைக்கு ரெண்டு மாசம்தான இருக்கு?"

"இன்னா பரீட்ச. திருடன்னு பேர் ஆயிட்டா இந்த ஊர்ல எவன் வேல குடுப்பான்? எவளோ ஆபீஸ்காரியாம், அநியாயமா சொல்லிட்டா. அவ நல்லா இருப்பாளா?" அவள் உரிப்பதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க யாரும்மா?"

சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஸ்கூல்லேர்ந்து வரேன்" என்று வந்தது.

"டீச்சரா! நல்ல வேள" என்று எழுந்து உள்ளே ஓடினாள். பழுப்பு அட்டை போட்ட ரெக்கார்டு நோட்டுகள் நாலைந்தை ஒரு மஞ்சள் பையில் போட்டு எடுத்து வந்தாள். "டீச்சருங்க யாராச்சும் வந்தா குடுக்கச் சொல்லிச்சு அந்தப் பொண்ணு. பரீட்சைக்கு எப்படியாச்சும் வந்துடறேன், பேர எடுத்துட வேணாம்னு சொல்லச் சொல்லிச்சு. நீங்க பாத்து செய்ங்க டீச்சர்."

எந்தப் பள்ளிக்கூடம், எந்த வகுப்பு என்று அவள் கேட்கவில்லை. என் பெயரைக்கூடக் கேட்கவில்லை. இரண்டு கையாலும் பையை என்னிடம் கொடுத்தாள்.