என் காரின் பேட்டரி இன்னும் ஏன் சாகவில்லை

பாறையைக் கிளறி மிளகுத் தோட்டம் போட்டேன். பள்ளிக்கூடமே போகாமல், பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட் கார் வாங்கினேன்.

"பேட்டரி எட்டுப் பத்து வருசம் வருமுங்க. சூடுதான் அதுக்கு எமன்" என்ற மெக்கானிக், பின்சீட்டுக்குக் கீழே பேட்டரி சூடு தணிய மூச்சுவிடும் ஓட்டையைக் காட்டினார். உருண்டு விழுந்து அதை அடைத்துவிடும் என்று பலாப்பழத்தைக்கூடப் பின்சீட்டில் ஏற்ற விடவில்லை நான்.

"ஏனுங்க, நான் மட்டும் உக்காரலாமுங்களா?" என்றாள் மனைவி.

"சேலையால ஓட்டைய மூடாம உக்காரு."

பத்து வருடம் தாண்டியதும் மருமகன், "பேட்டரி போறதுக்குள்ள வித்துப்போடலாமுங்க மாமா" என்று நச்சரித்தார். பரிசோதித்த மெக்கானிக், "என்னைக்காவது மாத்தோணும். இப்போதைக்கு நல்லா இருக்குதுங்க" என்றார்.

"கம்பெனிக்காரன் கெட்டிக்காரன்!" என்றார் மருமகன்.

கார் விற்பனைக்கு இல்லை. ஓட்டையைத் தூசி தட்டிக் காத்தவன் நான். கெட்டிக்காரன் யாரென்று மருமகன் திருத்திச் சொல்லட்டும், ஊருக்கே கேட்கும்படி.