கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றவர்

விளக்கேற்றிவிட்டுப் பால் கணக்கை எழுதிக்கொண்டிருந்தபோது மும்தாஜ் போன் செய்தாள். "அக்கா, நம்ம மேடம் போயிட்டாங்க. விழுப்புரத்துக்குக் கெளம்புங்க."

பேராசிரியர் கமலவேணி அம்மையாரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். பிழைப்புக்காக ஆண்கள் கடல் தாண்டிப் போனபின் வீட்டுப் பெண்களின் வேலையும் குடும்பமும் எப்படி மாறுகின்றன என்பதே அவர் வாழ்நாள் ஆராய்ச்சி. பின்னாளில் உலகமயமாதல் பற்றிப் பல ஊர் மேடைகளில் பேசினார். எண்பதுகளில் திண்டிவனத்தில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தார்.

வாடகை பேசும்போதே, "வீட்ல கவுச்சி கூடாதுங்க" என்றேன்.

"கருவாடு மட்டும்?"

"மொதல்ல அதுதாங்க கூடாது."

சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். அடுத்த வாரமே பக்கத்து வீட்டு மும்தாஜின் அடுப்படியில் உட்கார்ந்து கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டார். ஆராய்ச்சியும் அங்கேதான் தொடங்கியது.

மும்தாஜின் கணவர் துபாயில் இருந்தார். இரு பக்கமும் கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசி அனுப்புவார்கள். தையல் கடை வைக்க அவரைச் சம்மதிக்க வைக்கவேண்டும் என்று மும்தாஜ் தவித்தாள். ஆனால் பேசும்போதெல்லாம் மாமியார் பக்கத்தில் இருப்பார். "நல்லா இருக்கோம்னு சொல்லு, போதும்" என்பார்.

ஒருநாள் மேடம் தம் டேப் ரிக்கார்டரை எங்கள் பூஜை அறையை ஒட்டிய அறையில் வைத்து, "பேசும்மா, நாங்க வெளிய நிக்கிறோம்" என்று கதவைச் சாத்தினார். மருமகளைத் தேடி மாமியாரே வந்துவிட்டார்.

"உள்ள எனக்கு ஒரு வேலை பண்ணிக்கினு இருக்கா, பெரியம்மா. உக்காருங்க. கருவாட்டை எப்படிக் கழுவணும், அத சொல்லுங்க" என்றார் மேடம்.

பெரியம்மா விலாவாரியாகச் சொன்னார். என் பூஜை அறை வாசலில்! முருகன் பொறுத்துக்கொண்டார்.

கேசட் மேடம் கைக்கு வந்ததும் கேட்டேன்: "போட்டுக் கேக்கலீங்களா? உங்க ஆராய்ச்சிக்கு இதானே வேணும்?"

"வேணுந்தான். ஆனா அது அவ புருஷங்கிட்ட பேசுனது. நம்மகிட்ட இல்லியே."

துபாய்க்குப் போகிற ஆளிடம் அப்படியே கொடுத்தனுப்பினார்.

துபாயிலிருந்து அடுத்த கேசட் வந்தபோது எல்லோரும் கூடி உட்கார்ந்தோம். அதில் மும்தாஜின் கணவர் குரல்: "அம்மா, அவளுக்கு ஒரு மிஷின் வாங்கிக் குடுங்க. கடை வெக்கட்டும்."

"இவனுக்கு யாருடி சொன்னது?" என்றார் மாமியார். மேடம் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், "மொத ஜாக்கெட்டு எனக்குத்தான்" என்று மாமியார் முடித்துவிட்டார். அந்தக் கடை இன்றும் நடக்கிறது.

விழுப்புரம் வீட்டில் மாலைகளும் கூட்டமுமாக இருந்தது. "அக்கா, மேடங்கிட்ட கொஞ்சம் தனியா பேசணும்" என்றாள் மும்தாஜ். எல்லோரையும் கூடத்துக்கு அனுப்பி, கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றேன். உள்ளே அவள் குரல் கேட்டது. வார்த்தைகள் காதில் விழாமலிருக்க முருகன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவள் பேசி முடிக்கட்டும், மேடம். அப்புறம் நீங்கள் கிளம்பலாம்.