வராமல் போன வலது கை

உதைபந்தாட்டத்தில் கோல் விழுந்தால் பதினொரு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக் கையை விரிப்பார்கள். பேஸ்போலில் அந்த வசதி இல்லை. யார் விட்டாலும் பிழையை எண்ணி, ஓட்டங்களுக்குப் பக்கத்திலேயே பெரிய பலகையில் போட்டுவிடுவார்கள். நான் இரண்டையும் பார்க்கிறவன். வேலைக்குப் போகிற பஸ்சில் போனைப் பிடித்துக்கொண்டு பேஸ்போல் பார்க்கிற கொழும்பு கொட்டாஞ்சேனைக்காரன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "இது என்ன, சித்திரை வருஷத்துக்குச் சிங்கள ஆக்கள் தடியால அடிச்சு விளையாடுற எல்லே விளையாட்டா?" என்று கேட்பார். ஓம் என்று சொல்லிவிடுவேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவனுக்கு அதற்கு மேல் விளக்க வராது.

ஆனால் அந்த ஆட்டத்தைப் பற்றிய ஒரு விஷயம் பத்து வயதில் எனக்குத் தெரிந்திருந்தது. எங்கள் ஒழுங்கையில் வேறு ஒருவருக்கும் தெரியாது. தெரிந்துகொண்டு நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். நான் வாயை மூடியிருப்பதைப் பார்த்துக் காய்ச்சலோ என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்த காலம் அது.

எங்கள் ஒழுங்கையில் இரண்டு செங்கல்லை வைத்தால் அது கோல். எனக்கு ஓட வராது என்பதால் என்னை அதற்குள் நிறுத்திவிட்டார்கள். தினமும் பின்னேரம் நாலு மணிக்கு எங்கள் தபால்காரர் வருவார். ஹெந்தளைப் பக்கத்துச் சிங்களவர். இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகத் தமிழ் வீடுகளுக்குக் கடிதம் கொடுத்தே தமிழ் பழகியவர். ஒரு காலத்தில் கிராண்ட்பாஸ் பக்கத்து அணியொன்றுக்கு உதைபந்து விளையாடியவராம். சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு, பின்னால் போய் நின்று, எனக்கு ஒரு பந்து அடிப்பார். அடித்த பிறகுதான் தபால். தம்பி என்பதைச் சிங்களத்தில் மல்லி என்றுதான் என்னைக் கூப்பிடுவார்.

"மல்லி, பிடிச்சா கனடாக் கடிதம். விட்டா லைட் பில்!"

"அங்கிள், சப்பாத்தோட அடிக்கிறது அளாப்பு, கள்ள விளையாட்டு!"

"இது கவர்மென்ட் சப்பாத்து மல்லி. கவர்மென்ட் அளாப்பாது."

நான் ஒருநாளும் பிடித்ததில்லை. எங்கள் வீட்டுக்கு வந்த லைட் பில் அத்தனைக்கும் நானே பொறுப்பு என்று நீண்ட நாள் நம்பியிருந்தேன்.

ஆகவே, கனடாவில் இருந்த பெரியம்மா போனில் கதைத்தபோது, எனக்குக் கோல்கீப்பர் கையுறை வேண்டும் என்று கேட்டேன். இரண்டு மாதத்தில் ஒரு சிறு பொதி வந்தது. கொண்டுவந்தவர் எங்கள் தபால்காரரேதான். ஒரு மூலை கிழிந்து, சுங்கத்தில் ஒட்டிய பசைத்தாளோடு இருந்தது. பெரியம்மாவின் மகன் போட்டுப் பழசாக்கிய, மண்ணிறத் தோலில் செய்த, பெரிய, தடித்த கையுறை ஒன்று உள்ளே இருந்தது. ஒன்று மட்டும்தான். அதுவும் இடது கைக்கு உரியது.

பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினோம். சுற்றியிருந்த காகிதத்தை மடிப்பு மடிப்பாக விரித்துப் பார்த்தோம். துறைமுகத்தில் வேலை செய்த பக்கத்து வீட்டு அண்ணனை அம்மா கூப்பிட்டார். அவர் பொதியின் கிழிந்த மூலைக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"ஹாபர்ல நாங்க பாக்காததாக்கா? சோடியா எடுத்தா மாட்டுவாங்க. அதால ஒண்ண வச்சிட்டு ஒண்ண எடுப்பாங்க. மத்தத வேற பார்சல்ல இருந்து எடுத்துச் சோடி சேத்துருவாங்க. பெரிய மூளை!"

"அக்காவைக் கேட்டுப் பாப்பமே?" என்றார் அம்மா. பிறகு அவரே, "வேண்டாம். ஒண்டு துலைஞ்சு போச்சு எண்டு சொன்னால், இன்னொண்டு அனுப்பு எண்டு கேட்டமாதிரி இருக்கும்" என்று முடித்துக்கொண்டார். பேஸ்போல் என்ற சொல்லை அந்த வீட்டில் ஒருவரும் கேட்டதே இல்லை. பந்து பிடிக்கிறவனுக்குக் கை இரண்டு, ஆகவே கையுறையும் இரண்டு.

அப்பாவின் முகத்தில் மட்டும் ஒரு வெளிச்சம் தெரிந்தது. அப்பா ஒரு கப்பல் கம்பனியில் கிளார்க். அவருக்குக் குடி இல்லை, சீட்டு இல்லை, கிரிக்கெட் இல்லை. அவருக்கு இருந்த ஒரே விளையாட்டு, அதிகாரிகளுக்கு முறைப்பாடு எழுதுவது. அடைத்த வாய்க்காலுக்கு எழுதினார். எரியாத தெருவிளக்குக்கு எழுதினார். கடித்த நாய்க்கு எழுதினார், கடிக்கக்கூடிய நாய்க்கும் எழுதினார். எல்லாம் இங்கிலிஷில், டைப்ரைட்டரில், மூன்று பிரதிகளோடு. ஒன்றுக்காவது பதில் வந்ததில்லை. இந்தக் கையுறைக்கும் தபால் திணைக்களத்துக்கு இரண்டு பக்கம் தட்டினார்.

இதற்குப் பதில் வந்தது.

கொண்டுவந்தவர் யார் என்று சொல்லவேண்டியதில்லை. அன்றைக்கு அவர் வழக்கம்போல எனக்கு ஒரு பந்து அடித்தார். அது இடது பக்கமாக வந்ததால் கையுறையில் பட்டு வெளியே போய்விட்டது. என் வாழ்க்கையில் நான் தடுத்த முதல் பந்து அது. அவர் கையைத் தட்டிச் சிரித்துவிட்டு, அரச முத்திரை போட்ட நீளமான கடித உறையை அப்பாவிடம் நீட்டினார்.

"மாத்தயா, கவர்மென்ட் கடிதம்! மல்லி பிடிச்சதால வந்திருக்கு. நல்ல செய்தி போல."

அப்பா நன்றி சொல்லி வாங்கினார். உங்கள் முறைப்பாடு குறித்து, அந்தப் பகுதித் தபால்காரர் மீது விசாரணை தொடங்கப்படுகிறது என்று அதில் இருந்தது.

அடுத்த திங்கட்கிழமை அவர் வரவில்லை. இளைஞர் ஒருவர் வந்து, சைக்கிளில் இருந்து இறங்காமலே கடிதங்களைக் கேற்றுக்கு மேலால் எறிந்துவிட்டுப் போனார். அப்பா அந்தப் பதில் கடிதத்தைப் பொலித்தீன் உறைக்குள் போட்டு ஹோல் மேசையில் வைத்தார். ஒழுங்கை ஆக்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். பார்த்துவிட்டுத் தங்களுடைய குறைகளையும் சொன்னார்கள். "ஐயா ஒருக்கா எழுதினாத்தான் நடக்கும்" என்று பக்கத்து வீட்டு அண்ணனே சொன்னார். அப்பா நடக்கும்போது தோள் சற்று அகன்றிருந்தது போல இருந்தது. அவரை அப்படி நான் முன்பு பார்த்ததில்லை.

அந்த வாரம்தான் பள்ளிக்கூடத்தில் இருந்து எங்களை ஒரு பெரிய மைதானத்துக்கு ஓட்டப் போட்டி பார்க்கக் கூட்டிப்போனார்கள். மைதானத்தின் மறுமூலையில், ஒரு ஜப்பான்காரர் பெரிய பையன்களுக்கு ஏதோ பழக்கிக்கொண்டிருந்தார். ஒருவன் தடியால் அடிக்கிறான், மற்றவர்கள் பிடிக்கிறார்கள். பிடிக்கிற எல்லோருடைய கையிலும் என் கையுறை. மண்ணிறம், தடித்த தோல், பெரிய விரல்கள். நான் எண்ணினேன். ஒன்பது பேர். ஒன்பது பேருக்கும் இடது கையில் மட்டும்தான் இருந்தது.

முதலில் எனக்குத் தோன்றியது, இவர்களுடைய தபால்காரனும் கள்ளன் என்பதுதான். ஒன்பது பொதியிலும் கைவைத்திருக்கிறான். பிறகு ஒருவன் இடது கையால் பந்தைப் பிடித்து, வெறும் வலது கையால் எறிந்தான். இன்னொருவன் பிடித்தான். எறிந்தான். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். எங்கள் பொதியில் இருந்து ஒருவரும் ஒன்றும் எடுக்கவில்லை. ஓட்டப் போட்டியில் யார் வென்றார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்தால் மேசையில் பொலித்தீன் உறை. அப்பா சேர்ட்டை மாற்றாமலே யாருக்கோ வாய்க்கால் முறைப்பாடு தட்டிக்கொண்டிருந்தார். சொல்லலாம் என்று மூன்று தடவை பக்கத்தில் போனேன். மூன்று தடவையும், "என்னடா?" என்று சிரித்த முகத்தோடு கேட்டார். அப்பா சிரித்த முகத்தோடு என்னடா என்று கேட்பது எங்கள் வீட்டில் அடிக்கடி நடக்கிற காரியம் அல்ல. நான் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். நித்திரை வரவில்லை. கோயிலில் ஒரு கற்பூரம் கொளுத்தினேன். அது போதாதென்று தேவாலயத்தில் ஒரு மெழுகுதிரியும் கொளுத்தினேன். உண்மை வெளியே வரவேண்டும் என்று கேட்கிற அளவுக்கு நான் நல்ல பிள்ளை அல்ல. எங்கிருந்தாவது ஒரு வலது கைக் கையுறை வந்து சேரவேண்டும் என்றுதான் கேட்டேன்.

அதற்குள் விசாரணை அதிகாரி வீட்டுக்கு வந்துவிட்டார். வெள்ளைச் சேர்ட், மடியில் பைல். அவர் சிங்களத்தில் கேட்டார், அப்பா இங்கிலிஷில் பதில் சொன்னார். ஒருவருடைய மொழி மற்றவருக்கு நன்றாகத் தெரியும், ஆனாலும் இருவரும் மரியாதை காத்தார்கள். தபால்காரர் இப்போது தபால் கந்தோருக்குள்ளே கடிதம் பிரிக்கிற வேலையில் இருக்கிறார் என்றார் அதிகாரி. பென்ஷனுக்கு இன்னும் இரண்டு வருஷம். குற்றம் நிரூபணமானால் வேலையும் இல்லை, பென்ஷனும் இல்லை. பைலைப் புரட்டியபடியே, காலநிலை சொல்வது போலச் சொன்னார். பிறகு என்னைக் கூப்பிட்டு, உடைந்த தமிழில், "எந்தக் கை காணாம போனது?" என்று கேட்டார்.

"வலது" என்றேன். அதை எழுதிக்கொண்டார்.

அவர் போனதும் குசினிக்குள் போய் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றேன். அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"அம்மா, அது ஒரு கையிலதான் போடுறது."

"எது?"

"கையுறை. மற்றக் கை சும்மா. எறியிறதுக்கு. நான் கண்டனான். ஒன்பது பேர்."

துருவல் நின்றது. "ஆருக்கும் சொன்னனியோ?"

"இல்லை."

"சொல்லாதை. அப்பாவோட நான் கதைக்கிறன்."

அன்றிரவு சாப்பாட்டில் அரிசி விலை பற்றிக் கதைத்தார்கள். அடுத்த நாள் மழை பற்றிக் கதைத்தார்கள். அம்மா அப்பாவிடம் கதைத்தாரா, எப்போது கதைத்தார் என்று எனக்குத் தெரியாது. அப்பா வாய்க்கால் முறைப்பாட்டைப் பாதியில் நிறுத்தியிருந்தார். காகிதம் டைப்ரைட்டரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை காலை கேற்றை யாரோ தட்டினார்கள். தபால்காரர் நின்றார். யூனிபோர்ம் இல்லை, தோய்த்து மினுக்கிய சேர்ட். கையில் பேப்பர் சுற்றிய ஒரு பொருள். என்னைப் பார்த்து மல்லி என்று சொல்லவில்லை.

"மாத்தயா, கிடைச்சது. கடிதம் பிரிக்கிற மேசைக்குப் பின்னால விழுந்து கிடந்தது. யாரும் காணல்ல."

பாடமாக்கிக்கொண்டு வந்ததை ஒரு மூச்சில் சொன்னார். அப்பா பேப்பரைப் பிரித்தார். பச்சை ரப்பர் புள்ளிகள் வைத்த, கிரிக்கெட் விக்கெட் கீப்பர் போடுகிற கையுறை. வலது கை. புது வாசம். மணிக்கட்டுப் பக்கத்தில், உரித்தும் முழுக்க உரிபடாத ஒரு ஸ்டிக்கர். கொழும்பு, புறக்கோட்டைக் கடை ஒன்றின் பெயரில் பாதி அதில் இருந்தது. அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவருடைய பெருவிரல் அந்த ஸ்டிக்கருக்கு மேலே போய் நின்றது. அங்கேயே நின்றது.

"தம்பி, இதுதானே?"

கோயிலும் தேவாலயமும் இவ்வளவு கெதியாக வேலை செய்யும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. குசினிக் கதவில் அம்மா நின்றார். தபால்காரர் என் காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஓம் அப்பா. இதுதான்."

நான் சொன்ன ஒரு பதிலுக்காக மூன்று பெரியவர்கள் ஒரே நேரத்தில் மூச்சு விட்டது அதுதான் முதல் தடவை. பள்ளிக்கூடத்தில் இப்படி ஒரு நாளும் நடந்ததில்லை. இரண்டையும் போட்டுப் பார்த்தேன். ஒன்று மண்ணிறம், ஒன்று பச்சை.

"அளவு சரியா மல்லி?" என்று தபால்காரர் மெதுவாகக் கேட்டார்.

"நல்லாப் பொருந்துது அங்கிள்."

அப்பா அவரை இருக்கச் சொன்னார். கதிரை நுனியில் இருந்தார். அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து, வழக்கமாக விருந்தாளிகளுக்கு எடுக்கிற கோப்பையில் கொடுத்தார். அப்பா பாதி வாய்க்காலை உருவி எறிந்துவிட்டுப் புதுக் காகிதம் போட்டார். தட்டத் தட்டத் தமிழில் சொல்லிக் காட்டினார். காணாமற்போன பொருள் மீளக் கிடைத்துவிட்டது, ஆகையால் முறைப்பாட்டை வாபஸ் பெறுகிறேன்.

எதிலாவது ஓட்டை கண்டால் விரலை விட்டுப் பார்ப்பது அப்போதே எனக்கு இருந்த பழக்கம்.

"அப்பா, கிடைச்சிட்டுது எண்டு எழுதினால், அப்ப முதல் எடுத்தது ஆர் எண்டு கேக்கமாட்டினமோ?"

டைப்ரைட்டர் நின்றது. அம்மா என்னை உள்ளே வரச் சொல்லிக் கையைக் காட்டினார். அப்பா காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல்கள் எழுத்துகளுக்கு மேலே அப்படியே இருந்தன. இன்னொரு வரிக்குக் காகிதத்தில் தாராளமாக இடம் இருந்தது.

தபால்காரர்தான் கோப்பையைக் கீழே வைத்தார்.

"கேக்கமாட்டாங்க மல்லி. சாமான் கிடைச்சாப் போதும், பைலை மூடிருவாங்க." பிறகு அப்பாவைப் பார்த்து, "எழுதுங்க மாத்தயா" என்றார்.

அப்பா எழுதினார்.

கேட்கமாட்டார்கள் என்று அவரே சொல்லிவிட்டார். அன்றிரவு நான் நன்றாக நித்திரை கொண்டேன். பைலில் பெயர் ஏறியவரை அதே ஒழுங்கைக்கு விடமாட்டார்களாம், அடுத்த மாதம் அவரை அவருடைய வீட்டுக்குக் கிட்ட, ஹெந்தளைப் பக்கம் மாற்றிவிட்டார்கள் என்று பக்கத்து வீட்டு அண்ணன் வந்து சொன்னபோது எனக்கு இன்னும் சந்தோஷம். இந்த வயதில் அந்த மனுஷன் இவ்வளவு தூரம் சைக்கிள் மிதிக்க வேண்டியதில்லை. அப்பா எழுதினதால்தான் அதுவும் நடந்தது என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.