அக்கா கொடுத்த நம்பர்

கேளம்பாக்கத்தில் என் பிளாட்டின் ஹாலில் ஒரு மேஜை போட்டு உட்கார்ந்துகொண்டு, ஆப்பிரிக்காவில் புற்றுநோய் வந்தவர்களின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதுதான் ஏழு வருடமாக என் வேலை. யாராவது கேட்டால் டேட்டா வேலை என்று சொல்லி முடித்துக்கொள்வேன். முழுதாகச் சொன்னால் கேட்பவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும், அதற்குமேல் பேச்சு ஓடாது.

அங்கே நாலைந்து நாடுகளின் ஆஸ்பத்திரிகளிலிருந்து கையால் எழுதிய பதிவேடுகளை ஸ்கேன் செய்து அனுப்புவார்கள். ஒவ்வொரு வரியும் ஓர் ஆள். வயது, ஊர், எந்த உறுப்பு, எந்த நிலை, இப்போது உயிரோடு இருக்கிறாரா. எல்லாவற்றுக்கும் நான் குறி எண் போட வேண்டும். அதை வைத்து ஆராய்ச்சிக்காரர்கள், இதில் எத்தனை பேருக்குக் கிருமியால் வந்தது என்று கணக்கிடுவார்கள். கல்லீரல் என்றால் மஞ்சள்காமாலைக் கிருமி. சிறுநீர்ப்பை என்றால் ஏரித் தண்ணீரில் நத்தை வழியாகத் தொற்றும் ஒரு புழு. தாடை வீங்கி வரும் பிள்ளைகளுக்கு, மலேரியாவோடு கூட்டுச் சேர்ந்த ஒரு வைரஸ். கருப்பைவாய் என்றால் கிட்டத்தட்ட எல்லாருக்கும் ஒரே வகை வைரஸ்தான். அந்தப் பதிவேடுகளில் கருப்பைவாய்தான் பக்கம் பக்கமாக வரும். ஊசி போட்டுத் தடுக்கலாம், முன்னாலேயே கண்டுபிடித்தால் அந்த இடத்தை ஒரே நாளில் பொசுக்கி அனுப்பிவிடலாம். அப்படிப்பட்ட நோய் இப்படி வரிசையாக வருவதைப் பார்த்து ஆரம்பத்தில் கோபமாக வந்தது. பிறகு பழகிவிட்டது. பழகிவிட்டது என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

ஓர் ஏரிக்கரை ஊரிலிருந்து பதிவேடு அனுப்பும் குமாஸ்தா ஒருவர் இருந்தார். முகம் பார்த்ததில்லை. எனக்குச் சந்தேகம் வந்தால் அதற்கென்று இருக்கும் கட்டத்தில் கேள்வி எழுதுவேன், அவர் மறுநாள் பதில் எழுதுவார். அவருடைய நோயாளிகளில் பாதிப் பேருக்கு, பிறகு என்ன ஆனார்கள் என்பதே இருக்காது. நோய் இருக்கிறது என்று பரிசோதனை சொல்லும், ஆள் திரும்பி வந்திருக்க மாட்டாள். கொடுத்திருக்கும் போன் நம்பர் சந்தையில் தக்காளி விற்பவருடையதாக இருக்கும், இல்லையென்றால் மோட்டார் சைக்கிள் டாக்சிக்காரருடையதாக இருக்கும். நோயாளியின் சொந்த நம்பரை வாங்கக்கூடவா முடியாது என்று நான் ஒருமுறை காட்டமாகக் கேட்டேன். இங்கே பெண்கள் யாரை நம்புகிறார்களோ அவர்கள் நம்பரைத்தான் கொடுப்பார்கள் என்று பணிவாக எழுதினார்.

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. மூன்று வெவ்வேறு நாட்களில் மூன்று முறை அழைக்க வேண்டும். எடுக்கவில்லை என்றால் ஒன்பது போடலாம். ஒன்பது என்றால் தெரியவில்லை என்று பொருள். அந்தக் குமாஸ்தா ஒன்பது போட்ட வரிகளுக்கெல்லாம் நான் விடாமல் ஒரே கேள்வியை எழுதுவேன்: உண்மையாகவே அழைத்தீர்களா? 'மூன்று முறை, மேடம்' என்று ஒவ்வொன்றுக்கும் பதில் வரும். எனக்கு நம்பிக்கை இருக்காது. அங்கே ஒருவரும் உருப்படியாக வேலை செய்வதில்லை என்று மனதுக்குள் திட்டிக்கொள்வேன்.

என் அக்கா இருப்பது மதுராந்தகத்தை ஒட்டிய ஒரு கிராமத்தில். கொஞ்சம் நிலம், இரண்டு மாடு. மாமா லோடு வண்டி ஓட்டுகிறார். போன வருடத் தொடக்கத்தில் அவள் ஊருக்குப் பக்கத்து சுகாதார நிலையத்தில் பெண்களுக்குக் கருப்பைவாய்ப் பரிசோதனை முகாம் போட்டார்கள். கேள்விப்பட்டதும் நானே லீவு போட்டுக் கிளம்பிப் போய் அவளை இழுத்துக்கொண்டு போனேன். வரமாட்டேன் என்று மாட்டுக்கொட்டகையில் ஒளியாத குறை. ஒரு பஞ்சுக்குச்சி, ரெண்டு நிமிஷம், அவ்வளவுதான் என்று நான் திரும்பத் திரும்பச் சொன்ன பிறகுதான் புடவையை மாற்றினாள்.

வரிசையில் நின்ற பெண்களிடம் ஒரு நர்ஸ் பெண் நோட்டில் போன் நம்பர் எழுதிக்கொண்டிருந்தாள். பரிசோதனை முடிவு வர ஒரு மாதம் ஆகும், ஏதாவது இருந்தால் அந்த நம்பருக்குக் கூப்பிடுவார்கள். ஒருத்திகூட வீட்டு நம்பரைக் கொடுக்கவில்லை. ஒருத்தி நாத்தனார் நம்பரைக் கொடுத்தாள், ஒருத்தி மகளிர் குழுத் தலைவி நம்பரை, இன்னொருத்தி பெட்டிக்கடைக்காரம்மா நம்பரை. வீட்டில் இருக்கும் ஒரே போன் புருஷன் சட்டைப்பையில் அல்லவா இருக்கிறது. அக்கா என் நம்பரைக் கடகடவென்று ஒப்பித்தாள். அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் அது.

"மாமா நம்பரை குடுக்கறதுதானே" என்றேன்.

"அந்தாளு எடுத்து இன்னா ஏதுன்னு கேட்டா நான் இன்னாத்த சொல்றது? உனுக்குன்னா புரியும்" என்றாள்.

அந்த ஏரிக்கரைக் குமாஸ்தா எழுதியது அப்போது நினைவுக்கு வந்தது. சிரித்துக்கொண்டேன். பஸ் ஏறும்போது அக்காவிடம் நான் சொன்னதை அப்படியே எழுதிவிடுகிறேன், இந்த வாக்கியத்தைத்தான் இப்போதெல்லாம் சாப்பிடும்போதும் குளிக்கும்போதும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

"எதுனா இருந்தாத்தான் போன் வரும்க்கா. வரலன்னா ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். நீ பாட்டுக்கு இரு."

இந்தப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு மனை விற்கிறவர்களின் தொல்லை தெரியும். திருப்போரூர் பக்கம் பிளாட், செங்கல்பட்டு பைபாஸை ஒட்டி பிளாட் என்று காலையிலிருந்து போன் அடித்துக்கொண்டே இருக்கும். ஒரு நாள் முக்கியமான மீட்டிங்கில் நாலு முறை அடித்தது. கடுப்பில், தெரியாத நம்பரிலிருந்து எந்த அழைப்பு வந்தாலும் சத்தமே வராதபடி போனில் மாற்றிவைத்தேன். விட்டது சனியன் என்று நிம்மதியாக இருந்தது. முகாமுக்குப் போய் வந்து இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது.

அடுத்த வருடப் பொங்கலுக்குப் போனபோது அக்கா சமையல்கட்டில் குரலைத் தாழ்த்திக்கொண்டு, தீட்டு இல்லாத நாளிலும் படுகிறது, நாற்று நட்டுவிட்டு வந்தால் அதிகமாகப் படுகிறது என்றாள். வயசு நாற்பத்து நாலு ஆகிறது, நிற்கப்போகிற காலம், அப்படித்தான் இருக்கும் என்றேன். அவள் அடுப்பைத் தணித்துவிட்டுக் கேட்டாள், "அந்த டெஸ்ட்டுக்கு உனுக்கு போன் எதுனா வந்துச்சா?"

"இல்லக்கா" என்றேன். பொய் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்து வரவில்லை.

சித்திரையில் அவளால் நிமிர முடியாமல் போனபோதுதான் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். டாக்டரம்மா பரிசோதித்துவிட்டுக் கையுறையைக் கழற்றும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் சீட்டில் எழுதிய நிலையை ஆயிரம் முறை நான் கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கிறேன். அறுவை செய்யும் கட்டத்தைத் தாண்டிய நிலை அது. முன்னால் ஏதும் டெஸ்ட் எடுத்தீர்களா என்று கேட்டார்கள். எடுத்தோம், அவர்கள்தான் சொல்லவில்லை என்று நான் சத்தம் போட்டேன்.

அந்தச் சத்தத்தோடேயே மறுநாள் முகாம் நடத்திய சுகாதார நிலையத்துக்குப் போனேன். அதே நர்ஸ் பெண்தான் இருந்தாள். அலமாரியிலிருந்து பழைய நோட்டை எடுத்து, விரலால் தேடி, என் பக்கம் திருப்பி வைத்தாள். அக்கா பெயர். எதிரே சிவப்பில் வைரஸ் இருப்பதாகக் குறிப்பு. அதற்குப் பக்கத்தில் என் நம்பர், பத்து இலக்கமும் சரியாக. அதற்குக் கீழே மூன்று தேதிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, எடுக்கவில்லை.

"ஊட்டுக்கும் ஒரு தபா ஆள் அனுப்பினோம் மேடம். பூட்டிகினு இருந்துச்சாம்" என்றாள். அவள் குரலில் குற்றம் சொல்லும் தொனிகூட இல்லை.

உண்மையாகவே அழைத்தீர்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. நோட்டை மூடிக் கொடுத்துவிட்டு வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றேன். அழுகை வரவில்லை. போனை எடுத்து, தெரியாத நம்பருக்குச் சத்தம் வராத அந்த அமைப்பை மாற்றினேன். அது ஒன்றுதான் என்னால் செய்ய முடிந்தது.

கதிர்வீச்சுச் சிகிச்சைக்குச் சென்னைக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஐந்து வாரம், சனி ஞாயிறு தவிர தினமும். அக்கா என் வீட்டில் தங்கினாள். காலையில் பஸ் பிடித்துப் போய், சொன்ன அளவு தண்ணீர் குடித்து, முறை வரும்வரை மூத்திரத்தை அடக்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். திரும்பி வந்தால் தயிர்சாதம் ரெண்டு வாய். அதுவும் வயிற்றில் நிற்காது. நான் அவள் துணியைத் துவைப்பேன், மேஜைக்குப் போவேன், யாரோ ஒருத்தியின் கருப்பைவாய்க்குக் குறி எண் போடுவேன். முகாமுக்கும் இதற்கும் இடையிலான பதினைந்து மாதத்தில் எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று டாக்டரிடம் கேட்டேன். சொல்ல முடியாது, அப்போதே இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம் என்றார். ஆயிரம் பெண்களைப் பற்றிக் கேட்டால் என்னிடமே பதில் இருக்கிறது. ஒருத்தியைப் பற்றி யாரிடமும் இல்லை.

இதில் தாங்க முடியாதது அக்காவின் பேச்சுதான். பெஞ்சில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடமெல்லாம் அந்த நர்ஸ் பெண்ணைத் திட்டுவாள். ஒரு போன் பண்ணியிருந்தால் என் தங்கச்சி என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பாளே என்பாள். நான் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருப்பேன். எத்தனையோ பஸ் பயணத்தில் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்திருக்கிறேன். அவள் தலை என் தோளில் சாய்ந்திருக்கும், அப்படியே விட்டுவிடுவேன்.

நாலாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலைப் பார்க்க வேண்டும் என்றாள். மகாபலிபுரம் போனோம். அவளால் மணலில் அதிக தூரம் நடக்க முடியவில்லை. வறுத்த மீன் வாசனை குமட்டுகிறது என்று கடைகளைத் தாண்டி ஒரு படகின் நிழலில் உட்கார்ந்தோம். எதிரே ஒரு குடும்பம் அலையில் நின்று கத்திக்கொண்டிருந்தது. அவள் மறுபடியும் அந்த நர்ஸ் பேச்சை எடுத்தாள். நான் சொல்லிவிட்டேன். நோட்டில் பார்த்தது, போனில் நான் செய்துவைத்தது, எல்லாவற்றையும்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. புடவை முந்தானையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிக்கொண்டே இருந்தாள். "மூணு தபாவா?" என்றாள்.

"மூணு தபாக்கா."

"அந்தப் பொண்ண போய் வாய்க்கு வந்தபடி பேசிகினு இருந்தேனே" என்றாள். எழுந்து நடக்க ஆரம்பித்தாள். பஸ்ஸில் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். கோவளத்தில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டியதை இருவருமே மறந்துபோய், முட்டுக்காட்டுப் பாலம்வரை போய்விட்டோம். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அந்த வாரம் குமாஸ்தாவிடமிருந்து புதுப் பதிவேடு வந்தது. வழக்கம்போல் ஒன்பதுகள். கேள்விக் கட்டத்தில் மன்னிப்பு என்று ஏதோ எழுதிப் பார்த்து அழித்தேன். அவருக்கு எதற்கு என்று புரியாது. எல்லாவற்றையும் கேள்வி இல்லாமல் ஏற்றுக்கொண்டேன். அதனால் அந்த ஊரில் ஒரு பெண்ணுக்கும் ஒரு பயனும் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

சிகிச்சை முடிந்த நாள், மூன்று மாதம் கழித்து ஸ்கேன், முடிவைப் போனில் சொல்வோம் என்று கவுன்ட்டரில் இருந்த அம்மா படிவத்தை எடுத்தார். நம்பர் கேட்டார். மாமா நம்பரைச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா என் நம்பரை ஒப்பித்துவிட்டாள், பத்து இலக்கமும், நிறுத்தாமல்.

"யாருது இது? கூப்பிட்டா எடுப்பாங்களா?" என்று அந்த அம்மா எல்லாரையும் கேட்பது போலத்தான் கேட்டார்.

"தங்கச்சிது" என்றாள் அக்கா. என் பக்கம் திரும்பவில்லை. "எடுப்பா."

ஸ்கேன் எடுத்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது. அக்கா ஊரில் இருக்கிறாள், தினமும் சாயங்காலம் மாமா போனிலிருந்து கூப்பிட்டு, வந்துச்சா என்கிறாள். இல்லக்கா என்கிறேன். போனைக் குளியலறைக்கும் கொண்டுபோகிறேன். இன்று காலையிலிருந்து ஆறு அழைப்பு. ஆறையும் முதல் மணியிலேயே எடுத்தேன். ஆறு பேரும் மனை விற்கிறவர்கள்.