காதில் விழாத துடக்கு

சின்னம்மா தன் போனை அணைத்து, லேஞ்சித் துணியில் சுற்றி, எங்கள் வீட்டு அரிசி வாளிக்குள் புதைத்த காலை இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. கனடாவிலிருந்து வந்தவருக்கு அது ஊரில் கடைசி நாள். மகளின் சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தால் அளவெட்டிப் பிள்ளையாருக்கு அபிஷேகம் செய்விப்பதாக நேர்த்தி வைத்திருந்தார். அபிஷேகம் அன்று மாலை ஐந்து மணிக்கு. சின்னம்மாவின் கணவரான சித்தப்பாவின் பெரியப்பாவோ கொழும்பு ஆஸ்பத்திரியில் இன்றோ நாளையோ என்று கிடந்தார். சின்னம்மா வந்து இறங்கியதும் மூன்று நாள் அவர் கட்டிலடியில் இருந்துவிட்டுத்தான் ஊருக்கு வந்தார். அவர் கண்ணை மூடினால் சின்னம்மாவுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு என்னும் சாவுத் தீட்டு, கோயில் வாசலை மிதிக்க முடியாது. ஆனால் காதில் விழாத சாவுக்குத் துடக்கு இல்லை என்பது சின்னம்மாவின் சட்டம். அதை அவருக்கு யார் சொன்னார்கள் என்று கேட்கும் துணிவு எனக்கு இருக்கவில்லை.

"சொந்தக்காரர் ஒருத்தரும் எட்டிப் பாக்காத இடமாக் கொண்டுபோ மோனை. அஞ்சு மணிமட்டும் ஒளிச்சிருப்பம்."

அப்படி ஓர் இடம் யாழ்ப்பாணத்தில் பழம்பொருட்கள் வைத்திருக்கும் நூதனசாலைதான். நாற்பது வருடமாகக் கொக்குவிலில் இருக்கும் நானே அதற்குள் போனதில்லை. வழி நெடுக, பெரியப்பா இப்படியாம், அப்படியாம் என்று வாய் ஓயாமல் கதைத்துக்கொண்டுதான் காரை ஓட்டினேன்.

அங்கே சின்னம்மா ஒவ்வொரு அட்டையையும் உரத்து வாசித்தார். கண்ணாடிக்குள் இருந்த, தண்ணீர் குடிக்கும் மூக்குப்பேணியைக் கண்டதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "உதைக் காட்டவோ என்னைக் கூட்டி வந்தனீ? எங்கடை குசினிக்கை உருண்டு கிடந்த சாமான்." காவலாளி சிரிப்பை அடக்கிக்கொண்டு அப்பால் போனார். நாங்கள் பெரிய திமிங்கில எலும்பின் முன் நின்றபோது என் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. அம்மாவின் செய்தி: "பெரியப்பா மோசம் போயிட்டார். அவளுக்குச் சொல்லாதை." நான் தாய்வழிப் பிள்ளை, எனக்குத் துடக்கு இல்லை. போனைத் திரும்பப் பைக்குள் போட்டேன். எலும்பைப் பார்த்து, "எவ்வளவு பெரிசு" என்று மட்டும் சொன்னேன்.

அரசர் காலத்து மந்திரிமனையைப் பார்த்துவிட்டு மத்தியானம் கோட்டைக்குப் போனோம். அங்கேதான் என் கணக்குப் பிழைத்தது. ஊர்க்காரர் போகாத இடத்துக்கு வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் கட்டாயம் போவார்கள் என்பதை நான் யோசிக்கவில்லை. கொத்தளத்தில் குடையுடன் நின்றவர், சித்தப்பாவைப் போலவே செத்தவருக்குத் தம்பி மகன் முறையான இன்னொரு பெறாமகனைக் கட்டி ஜேர்மனியில் இருக்கும் அக்கா. இருவருக்கும் ஒரே துடக்கு. அவர் எங்களைக் கண்டு கையைத் தூக்க, சின்னம்மா முந்திக்கொண்டார்.

"அக்கா, வாயைத் திறவாதையுங்கோ."

"நீ திறவாதை. நாளைக்குக் கோயிலிலை பேத்திக்குக் காது குத்து."

அவரும் ஒளித்துத்தான் திரிகிறார். பிறகு இருவரும் மதிலில் அமர்ந்து, குடும்பத்தில் ஒரு மனிதரின் பெயரையும் எடுக்காமல், வெயிலையும் மாம்பழ விலையையும் ஒல்லாந்தர் கல்லடுக்கிய விதத்தையும் பற்றி அரை மணித்தியாலம் கதைத்தார்கள். யாழ்ப்பாணத்தில் இரண்டு பெண்கள் கோட்டையைப் பற்றி அவ்வளவு நேரம் பேசியது அதுவே முதல் தடவையாக இருக்கும்.

அபிஷேகம் குறையில்லாமல் நடந்தது. உள்ளே போனால் வாய் தவறிவிடுமோ என்று நான் வெளிவீதியில் காருக்குப் பக்கத்தில் நின்றேன். நெற்றி நிறையத் திருநீற்றோடு வந்த சின்னம்மா காரில் ஏறவில்லை.

"இனிச் சொல்லு. எத்தினை மணிக்கு?"

"எது சின்னம்மா?"

"காலமை முழுக்க அவரைப் பற்றியே கதைச்ச நீ, அந்த எலும்படியிலை நிண்டதுக்குப் பிறகு அவர் பேரே எடுக்கேல்லை."

"பத்தேகாலுக்கு," என்றேன்.

சின்னம்மா கார்க் கதவைப் பிடித்துக்கொண்டார். "வீடே எதிர்த்து நிண்ட எங்கடை கலியாணத்திலை தாலி எடுத்துத் தந்த மனுசன் மோனை," என்றார். ஏழு மணித்தியாலமாக மூக்குப்பேணியோடும் மாம்பழ விலையோடும் அடக்கி வைத்திருந்த அழுகையை, அந்த வெளிவீதியில் நின்று, ஊரே திரும்பிப் பார்க்க அழுதார்.