ரோஸிக்குக் கட்டிய காப்பு

தொலைக்காட்சிச் செய்தியில் நெருப்பைக் கக்கிக்கொண்டு ராக்கெட் கிளம்பினால், இந்த வயதிலும் என் கை தானாகக் கீழே போய், காலடியில் படுத்திருக்கும் நாயின் கழுத்தைத் தடவிப் பார்க்கும். பேரப்பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். ஆகாயம் சாமி இருக்கிற இடம் என்றுதான் கும்பிடுகிறேன். ஆனால் எட்டு வயதில் என்னை நடுங்க வைத்ததும் அதே ஆகாயம்தான்.

அப்போது இலங்கையில் கொட்டகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் கீழே இருந்த பணிய லயத்தில் குடியிருந்தோம். ஒற்றை அறைக் காம்பராவில் அப்பா, அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, நான், அப்புறம் ரோஸி. ரோஸி என்பது துரை பங்களாவில் வளர்ந்த நாயின் பெயர். அதையே எங்கள் நாய்க்கும் வைத்திருந்தோம். பங்களா ரோஸிக்குத் தோல் பட்டியும் பித்தளை வில்லையும் இருந்தன. எங்கள் ரோஸிக்கு மடிந்த ஒரு காதும், அடுப்படிச் சாம்பலும்தான் சொத்து.

தீபாவளி போய்க் கொஞ்ச நாள் இருக்கும். மாமா பாய் கடையில் கருவாடு வாங்கி வந்தார். சாமானை விடச் சுற்றி வந்த பேப்பர்தான் அவருக்கு முக்கியம். விளக்கருகே விரித்து, எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"ரஷ்யாக்காரன் ஒரு நாயைக் கூண்டுல வச்சு ஆகாயத்துக்கு அனுப்பிட்டானாம்! அங்கேயே சுத்திக்கிட்டு இருக்காம்."

படத்தை எட்டிப் பார்த்தேன். சின்ன நாய். அதற்கும் காது மடிந்திருந்தது.

அப்பா கேட்டார்: "திருப்பிக் கொண்டாந்து விட்டுருவாங்களா?"

"அந்தப் பக்கம் கிழிஞ்சு போச்சு, மச்சான்."

"எங்கப்பனை இந்தியாவுலருந்து கப்பல்ல ஏத்துனப்பவும் அந்தப் பக்கத்தைக் கிழிச்சுட்டுத்தான் ஏத்துனாங்க," என்றார் அப்பா. மாமா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

அந்த வாரமே மேட்டு லயத்தில் கொழுந்து பறிக்கிற ஒரு அக்காவை வெறிநாய் கடித்துவிட்டது. லாரியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். மறுநாள் கணக்கப்பிள்ளை லயம் லயமாக நடந்து, கழுத்தில் பட்டி இல்லாத நாய்களையெல்லாம் பார்த்துக்கொண்டு போனார். எங்கள் இஸ்தோப்புத் திண்ணையில் நின்று ரோஸியை ஒரு பார்வை பார்த்தார். அன்றிலிருந்து பெரியவர்கள் எல்லாரும் குசுகுசுவென்று பேசத் தொடங்கினார்கள். நான் பக்கத்தில் போனால் பேச்சு நின்றுவிடும்.

மாமாவைப் பிடித்துக்கொண்டேன். "ரோஸியை எதுக்கு மாமா பார்த்துட்டுப் போறாரு?"

பாவம், உண்மையைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. பீடியை உருட்டிக்கொண்டே சொன்னார்: "பேப்பர்ல பார்த்தியே, அது மாதிரி ஆகாயத்துக்கு அனுப்ப நாய் எடுக்கிறாங்களாம். ஞாயித்துக்கிழமை வர்றாங்க. நம்ம ரோஸிக்கு வந்த யோகத்தைப் பாரு!"

நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருக்கிறார். எனக்கோ அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. மலையில் பனி இறங்கி லயத்தை மூடும்போதெல்லாம், அதற்குள்ளிருந்து ஒரு கூண்டு வரப்போகிறது என்று பயந்து செத்தேன். அங்கே ரோஸிக்கு யார் கஞ்சி ஊற்றுவார்கள்? குளிருக்கு ஏது அடுப்பு? குரைத்தால் யாருக்குக் கேட்கும்?

அப்போதுதான் காப்பு நினைவுக்கு வந்தது. எங்கள் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியவர்கள், திருவிழா முடிந்து அதை அவிழ்க்கும்வரை எல்லையைத் தாண்டக் கூடாது. அந்த வருஷம் அப்பா கட்டியிருந்தார். அட்டன் டவுனில் சொந்த அத்தை மகளுக்குக் கல்யாணம். அதற்குக்கூட அவர் போகவில்லை. யாரும் போகச் சொல்லவும் துணியவில்லை. தோட்டத்து எல்லையையே தாண்டக் கூடாதென்றால் ஆகாயத்துக்கு எப்படிப் போக முடியும்?

மாவு மூட்டை தைத்த நூலை உருவி எடுத்தேன். அம்மாவின் மஞ்சளை உரசிப் பூசி, ஒரு துண்டு மஞ்சளையும் நடுவில் வைத்து முடிந்தேன். ரோஸியை இழுத்துக்கொண்டு லயத்துக்குக் கீழே இருக்கும் முனியாண்டி கல்லுக்குப் போனேன். மந்திரம் தெரியாது. "சாமி, இது என் நாய். எல்லையைத் தாண்ட விட்டுறாதீங்க," என்று மட்டும் சொல்லி, அதன் கழுத்தில் கட்டிவிட்டேன். அழுக்கு மயிருக்குள் நூல் மறைந்துவிட்டது. திருநீறு பூசியதும் ரோஸி தும்மியது. சாமி உத்தரவு கொடுத்துவிட்டதாக எடுத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை தூறலோடு விடிந்தது. அம்மா என்னை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரத்தில் மேட்டு லயத்துப் பக்கம் 'டமார்' என்று ஒரு சத்தம். மலை முழுக்க எதிரொலித்தது. ஒரு நாய் மேலே போய்விட்டது என்று நினைத்துப் பலகைச் சந்து வழியாக மேலே பார்த்தேன். வெறும் மேகம். மறுபடியும் சத்தம். மறுபடியும். ஒவ்வொரு சத்தத்துக்கும் முனியாண்டியைக் கூப்பிட்டேன்.

பிறகு காலடிகள் எங்கள் இஸ்தோப்புக்கே வந்தன. கணக்கப்பிள்ளையும், அவருக்குப் பின்னால் சாக்கைத் தலையில் போர்த்திக்கொண்டு ஒரு சிங்கள ஆளும். அவர் கையில் சுடுகிற துவக்கு இருந்தது. காட்டுப்பன்றிக்காக இருக்கும் என்று நினைத்தேன். அப்பா ரோஸியை அவிழ்த்துக் கொண்டு போய் நிறுத்தினார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

துவக்குக்காரர் குனிந்தார். நூல் கண்ணில் பட்டது. சிங்களத்தில் ஏதோ கேட்டார்.

"சாமிக்கு விட்ட நாயான்னு கேட்கிறான்," என்றார் கணக்கப்பிள்ளை. "என்னாப்பா இது?"

அப்பாவுக்கும் அப்போதுதான் தெரிந்தது. விரலால் மஞ்சளைத் தொட்டுப் பார்த்தார். "காப்புங்கய்யா."

"நாய்க்கு எவன்டா காப்புக் கட்டுனது?"

கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். "நான்தான்! முனியாண்டிகிட்ட சொல்லிட்டுத்தான் கட்டுனேன்! எல்லை தாண்டக் கூடாது!"

"அடிப் பாவி மகளே, சாமி குத்தம்டி!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"அறுத்துப் போடுங்க," என்றார் கணக்கப்பிள்ளை. யாரும் அசையவில்லை.

அப்பா மெதுவாகச் சொன்னார்: "நீங்களே அறுத்துருங்கய்யா."

கணக்கப்பிள்ளை கையை நீட்டினார். அப்போது மாமா மிகவும் பணிவாகக் கேட்டார்: "ஐயா காலையில கவுச்சி ஒண்ணும் சாப்பிடலைங்கதானே?"

கை பின்னால் போனது. துவக்குக்காரர் இதற்குள் துவக்கைத் தோளில் மாட்டி, நெற்றியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கிவிட்டார்.

"கட்டியே போட்டு வை. வாயில நுரை கண்டா நானே வருவேன்," என்று சொல்லிவிட்டுக் கணக்கப்பிள்ளையும் போனார். முனியாண்டி புண்ணியம், அவர் வர வேண்டியிருக்கவில்லை.

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்தார். ரோஸியின் கழுத்தை விடாமல் தடவிக்கொண்டே இருந்தார். நூல் நழுவியிருக்கிறதா என்று பார்க்கிறாராக்கும் என்று நினைத்து, "இறுக்கித்தான் கட்டியிருக்கேன்ப்பா," என்றேன்.

மறுநாள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்து வாசலில் மேட்டு லயத்துப் பிள்ளைகள் தேம்பிக்கொண்டு நின்றார்கள். எனக்கு அவர்கள் மேல் இரக்கமாக இருந்தது. பெரிய மனுஷி மாதிரி நடுவில் போய் நின்று சொன்னேன்: "அழாதீங்க. உங்க நாயெல்லாம் மேலதான் சுத்திக்கிட்டு இருக்கு. பனி விலகட்டும், தெரியும்."

அழுகையை நிறுத்திவிட்டு எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஒருவன் தன் நாயின் பெயரைச் சொல்லி மேலே பார்த்துக் கூப்பிட்டான். வாத்தியார் மணியைக் கையில் வைத்துக்கொண்டு, அடிக்காமல் நின்றார்.

மேட்டு லயத்துக்குப் பின்னால் மலைச்சரிவில் இரண்டு ஆட்கள் மண்வெட்டிகளோடும், கனமான சாக்குகளோடும் ஏறிக்கொண்டிருந்தார்கள். புதுத் தேயிலைக் கன்று நடக் குழி வெட்டப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, நானும் ஆகாயத்தைப் பார்த்தேன்.