ஸ்டெல்லா ஒட்டிய மஞ்சள் டேப்

காலை ஷிப்ட் பஸ் ஒரகடத்தை நெருங்கும்போது போன் வந்தது. ஸ்டெல்லா தூக்கத்திலேயே போய்விட்டாளாம். "என் சரணத்தைக் குடுக்காமலே போய்ட்டாளே" என்றுதான் முதலில் என் வாயில் வந்தது. பக்கத்து சீட்டுக்காரி என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

செத்தவர்களைக் குறை சொல்லக் கூடாது என்பார்கள். பாடகர் குழுவில் அவளிடம் திட்டு வாங்கிய உங்களிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? எனக்கு அவளைப் பிடிக்காது. பதினோரு வருடம், தகடு வெட்டும் பிரஸ் ஷாப்பில் பக்கத்து மிஷின்காரி. ஞாயிற்றுக்கிழமையாவது அந்த முகத்திலிருந்து தப்பலாம் என்று கோயிலுக்கு வந்தால், பாட்டு சொல்லித் தருகிறவளும் அவள்தான்.

பாட வைத்ததைவிட எங்களைப் படுக்க வைத்ததுதான் அதிகம். தரையில் மல்லாந்து, வயிற்றின் மேல் பாட்டுப் புத்தகம். மூச்சுக்குப் புத்தகம் ஏறி இறங்க வேண்டும். என்னுடையது அசையாது. "மூச்சைப் புடிச்சி வைக்காதடி. அது இன்னா உன் வூட்டுக்காரரா, ஓடிப்பூடுவாருன்னு புடிச்சி வைக்க?" என்பாள். சிரிப்பில் மற்றவர்களின் புத்தகமெல்லாம் சரிந்து விழும்.

போன கிறிஸ்துமஸுக்கு மூன்றாம் சரணம் எனக்குத் தனியாக என்று முடிவானது. எட்டாவதோடு நின்றவள் நான். எழுத்துக் கூட்டி மனப்பாடம் செய்தேன். ஒத்திகையில் பாதி வார்த்தையிலேயே மூச்சு நின்றது. ஸ்டெல்லா என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள்.

"இன்னாடி, பாட்டுக்கு நடுவுல பெடல் மிதிக்கிறே?"

நிஜம்தான். பாரமெல்லாம் இடது காலில். வலது பாதம் மட்டும் தூக்கியபடி. மிஷினில் பெடலை மிதித்து பிரஸ் இறங்குகிற அதே கணக்கில் பாதம் அமுங்கும், மூச்சும் நிற்கும். பிரஸ்ஸில் மாட்டி விரல் போய்விடுமோ என்ற பயம் கோயில் வரைக்கும் கூடவே வந்திருக்கிறது.

அடுத்த ஒத்திகைக்கு, கம்பெனித் தரையில் ஒட்டுகிற மஞ்சள் டேப்பைக் கொண்டுவந்து, கடைசி வரிசையில் என் இரண்டு பாதத்துக்கும் இடம் ஒட்டினாள். "ரெண்டு காலும் தரையில கீதுன்னு உனக்கே தெரியறப்போ பாடு."

தெரிந்துவிட்டது என்று நான் நினைத்தேன், அவள் நினைக்கவில்லை. கிறிஸ்துமஸ் அன்று என் மாமியார் வீடே பென்னலூரிலிருந்து வந்து உட்கார்ந்திருக்க, "இந்த வருசம் நீ சும்மா நின்னா போதும்" என்று காதில் சொல்லிவிட்டு, என் சரணத்தை அவளே பாடினாள். நன்றாகப் பாடித் தொலைத்தாள், அதுதான் கூடுதல் எரிச்சல்.

அடக்கத்தன்று யாரும் கூப்பிடாமலே அந்த டேப்பில் போய் நின்றேன். முன்னால் அவள், எங்களுக்குச் சொல்லித்தந்தபடியே மல்லாந்து கிடந்தாள். வயிறு மட்டும் எழவில்லை. மூன்றாம் சரணத்தை எடுத்தேன். அடக்கத்துக்குக் கிறிஸ்துமஸ் பாட்டா என்று பாஸ்டர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும். குதிகால் இரண்டும் தரையில் இருந்தன. மூச்சு, வரி முடிகிற இடத்தில் தானாக வந்தது. கேட்க வேண்டியவள் ஒருத்திதான், அவள்தான் கேட்கவில்லை.

அந்தக் கிறிஸ்துமஸை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப்போவதும் இல்லை. ஆனால் இப்போது மிஷினில் பெடலை மிதிக்கும்போதும் என் மூச்சு நிற்பதில்லை. அவளிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த மூச்சும் அந்த டேப்பும். கோயில் கழுவுகிறவர்களே, அதை உரித்துவிடாதீர்கள். உரித்தால், அவளிடம் வாங்கியதைவிட மோசமாக என்னிடம் வாங்குவீர்கள்.